பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்: கேரளத்தின் அனுபவம்

கட்டற்ற மென்பொருள் என்பது, எவரும் பயன்படுத்தவும், மூல நிரலை ஆராய்ந்து திருத்தவும், படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும் உரிமையளிக்கப்பட்ட மென்பொருளாகும். 2001-ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கிய கேரளம், சில ஆண்டுகளிலேயே பள்ளிக் கணிப்பொறிக் கல்வியை இம்மென்பொருளுக்கு மாற்றியது. அத்திட்டமே 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று.

2019-இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட புதிய இயங்குதளத்தை வெளியிட்டபோது, கணிப்பொறி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வீதம், இரண்டு லட்சம் கணிப்பொறிகளுக்கு ரூ.3,000 கோடி மிச்சமாகும் என அந்நிறுவனம் மதிப்பிட்டது. பொருளாதார மாணவர் இத்தொகையைச் சற்று எச்சரிக்கையுடன் நோக்குதல் வேண்டும். அவ்விலைக்கு எந்த அரசும் பள்ளிகளுக்கு மென்பொருள் வாங்கியிராது. ஆகவே, தொகை முழுவதையும் சேமிப்பெனக் கொள்வதற்கில்லை.

மெய்யான ஆதாயம் வேறிடத்தில் உள்ளது. இயங்குதளத்தைப் பாடத்திட்டத்திற்கேற்பத் திருத்தவும், மலையாளத்தில் அமைக்கவும் எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. வகுப்பில் 'ஜிம்ப்' கொண்டு படம் வரையப் பழகும் மாணவி, அதனையே சட்டத்திற்குட்பட்டு வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம்.

எனினும், உரிமை மட்டும் கைவரப்பெற்றால் போதாது. கேரளத்தில் ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏனைய ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தனர். பாடநூல் மாறுந்தோறும் இப்பயிற்சியும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகும். மென்பொருள் இலவசம் என்றதும் பயிற்சிக்கான ஒதுக்கீட்டையும் சேர்த்துக் குறைக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. கோப்புகளில் பன்முறை கண்டதே இது. உரிமக் கட்டணத்தில் மிஞ்சும் தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சித் தலைப்பிற்கு மாற்றுவதே முறை.