செய்தியை நிறுத்துப் பார்த்தல்

கோழியிறைச்சியும் முட்டையும் உண்டால் கொரோனா தொற்றும் என்றதொரு செய்தி, 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாட்ஸ்அப் வழியே பரவிற்று. அதற்கு ஆதாரம் இல்லை. அந்நோய் மனிதரின் மூச்சுக்காற்றின் வழியே மனிதரைப் பற்றியது. ஆயினும் நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது. வேலையில்லாதபோது நம் நெசவாளர் தறியை நிறுத்தி வைப்பர் (அதுவும் பட்டினிதான்). கோழி, தீனி தின்பதை நிறுத்துமா?

அவ்வாண்டு ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்திற்கு மட்டுமே அனுப்பலாம் என வாட்ஸ்அப் நிறுவனம் வரையறுத்தது. அத்தகைய செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி காணப்படும். ஐந்து கைகளேனும் மாறி வந்தது என்பதே அதன் பொருள், மெய்யென்பதன்று. அக்குறியைக் கண்டால், எழுதியவர் யார், எந்நாளில் எழுதினார் என்று அங்கத்தினர்கள் வினவுமாறு வேண்டுகிறோம். விடை கிடைக்காவிடில் பிறர்க்கு அனுப்பாமல், கோழியைப் பற்றியதாயின் கால்நடை மருத்துவரையும், நோயைப் பற்றியதாயின் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கேட்கலாம்.