கொளுஞ்சியைக் களை என்று பிடுங்கிப் போடாதீர்கள்

இந்த மாதம் நாம் தெரிந்துகொள்ளப் போவது கொளுஞ்சிச் செடி. கொழிஞ்சி, கொள்ளுக்காய் வேளை என்றும் சொல்வார்கள். அவரை, துவரை குடும்பத்தைச் சேர்ந்தது. படித்தவர்கள் வைத்த பெயர் டெப்ரோசியா. இந்த இனத்தில் உலகம் முழுக்க 300க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு.

யாரும் விதைக்காமலே ஏரிக்கரை, ரயில் பாதை ஓரம், தரிசு, மணல் கலந்த மேட்டு நிலம் என்று வளரும். முழங்கால் உயரம், ஊதா கலந்த சிவப்புப் பூ, தட்டையான காய். பொத்தேரி பக்கம் தரிசெல்லாம் மனையாகி மண் கொட்டப்படுவதால், இது நிற்கும் இடமும் குறைஞ்சுக்கிட்டே வருது.

இதையும் அவுரியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தலைமுடிச் சாயப் பொடிக்கு அவுரி பறிக்கும் குழுக்கள் கவனிக்கணும். சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நேராகக் கிழியாமல் அம்பு முனை போலக் கிழிந்தால் அது கொளுஞ்சி. அவுரிக் காய் உருண்டு மெலிசாக இருக்கும்.

சரி, இதனால் நமக்கு என்ன லாபம்? செடியை வேரோடு பிடுங்கினால் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அதில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்துச் செடிக்குக் கொடுக்கிறது. யூரியாவிலும் அந்தச் சத்துதான், ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஏரிப் பாசனத்தில் ஒரு போகம் மட்டும் நெல் போடுகிறவர்கள், அறுவடை முடிந்ததும் ஈரத்தில் ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை தூவலாம். கோடை முழுக்க நிற்கும். மாடு அவ்வளவாக வாய் வைக்காது, அதனால் காவலுக்கு ஆள் வேண்டாம். அடுத்த நடவுக்கு முன் மடக்கி உழுதுவிடணும்.

விதைத் தோல் ரொம்பக் கெட்டி. அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காமல் போகலாம். கொதிக்கும் தண்ணீரில் 2, 3 நிமிடம் மட்டும் போட்டு எடுங்கள், அல்லது மணலோடு சேர்த்து நன்றாகத் தேயுங்கள்.

காய் பழுப்பானதும், வெடிப்பதற்கு முன்னால், காலை நேரத்தில் பறியுங்கள். வெயில் ஏறினால் முறுக்கிக்கொண்டு வெடித்து விதை சிதறிவிடும். எல்லாவற்றையும் பறிக்காமல் கொஞ்சம் செடியிலேயே விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதன் இலை, வேரை நசுக்கித் தண்ணீரில் போட்டால் மீன் மயங்கும். மீன் வளர்க்கும் குட்டையில் கொட்டக் கூடாது.