யூகானுக்குக் குடிபெயரும் இளங்குடும்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடா வரைபடத்தின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டி முக்கோணமாகத் தெரிவது யூகான். பரப்பளவு சுமார் 4,82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். மக்களோ ஐம்பதாயிரம்கூட இல்லை. அவர்களிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தலைநகர் வைட்ஹார்ஸிலேயே இருக்கிறார்கள். மிச்சமெல்லாம் காடு, மலை, ஏரி. குழந்தைகள் வெளியில் வளர வேண்டும் என்று டொராண்டோ அடுக்குமாடியை விட்டு இங்கே வந்தோம். அப்போது மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டு. வரும் முன் யாராவது சொல்லியிருக்கலாமே என்று நாங்கள் நினைத்தவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: ஜனவரியில் போய்ப் பாருங்கள்

ஜூனில் வந்தால் யாருக்கும் இந்த ஊர் பிடித்துவிடும். பத்தொன்பது மணி நேரம் பகல், சாலையோரமெல்லாம் ஊதா நிறத்தில் ஃபயர்வீட் பூ அரும்பும் காலம். அதை நம்பி வீட்டைக் காலி செய்யாதீர்கள். ஜனவரியில் ஒரு வாரம் வந்து தங்குங்கள், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு. வான்கூவரிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம். அந்த வாரம் மைனஸ் 10 ஆக இருக்கலாம், மைனஸ் 40 ஆகவும் இருக்கலாம். கனடாவில் இதுவரை பதிவான கடுங்குளிர், மைனஸ் 63 டிகிரி, 1947 பிப்ரவரி 3 அன்று இதே யூகானின் ஸ்னாக் என்ற இடத்தில் பதிவானதுதான்.

அந்த வாரத்தில் சுற்றுலாப் பயணி மாதிரி இருக்க வேண்டாம். மளிகை வாங்குங்கள், குழந்தையை இருட்டில் கிளப்பி எங்காவது கொண்டுபோய் விடுங்கள், திரும்ப வாருங்கள். நான்காம் நாளும் உங்களுக்குள் எரிச்சல் வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: வேலை, வீடு, காப்பகம்

வரிசை முக்கியம். வேலையை உறுதி செய்துவிட்டு வீடு தேடுங்கள். இங்கே வாடகை வீடு சுலபத்தில் அமையாது. குழந்தைகள் காப்பகத்தில் வீட்டுக்கும் முன்பே பெயர் பதிந்துவிடுங்கள். 2021 ஏப்ரல் முதல் யூகான் அரசு ஒரு குழந்தைக்கு மாதம் 700 டாலர் வரை மானியம் தருவதால் கட்டணம் பயமுறுத்தாது. இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஊருக்குள் குடியேறுவதா, வெளியே ஏக்கர் நிலத்தில் மர வீடா என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். முதல் ஆண்டு ஊருக்குள்ளேயே இருங்கள். கிணறு, விறகடுப்பு, பனி வாரும் டிராக்டர், கைக்குழந்தை எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

படி 3: பணமும் மருத்துவமும்

காய்கறி, பழம், பால் எல்லாம் தெற்கிலிருந்து லாரியில் ஏறி வருகின்றன. விலை அதற்கேற்ப இருக்கும். மாகாண விற்பனை வரி கிடையாது, மத்திய அரசின் 5 சதவீதம் மட்டும். தொடர்ந்து ஆறு மாதம் வசித்தால் வடக்கில் வாழ்வோருக்கான வருமான வரிக் கழிவும் உண்டு: ஒரு நாளைக்கு 11 டாலர், வீட்டில் ஒருவர் மட்டும் கோரினால் 22.

அரிசிக்குக் கவலை வேண்டாம். பிலிப்பினோ குடும்பங்கள் நிறைய இருப்பதால் மூட்டையாகவே கிடைக்கும். புளி, பெருங்காயம், நல்ல உளுந்து எல்லாம் பெட்டியில் வரட்டும்.

வந்த வாரமே மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். புது அட்டை வர மூன்று மாதம் வரை ஆகலாம்; அதுவரை பழைய மாகாண அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். வைட்ஹார்ஸில் மருத்துவமனை உண்டு. சிக்கலான சிகிச்சைக்கு வான்கூவருக்கு விமானம் ஏற வேண்டும். குழந்தைக்கு நாள்பட்ட நோய் இருந்தால் இந்த ஒரு வரியை இரண்டு முறை படியுங்கள்.

படி 4: பயணமும் காரும்

காரில் வருவதென்றால் அலாஸ்கா நெடுஞ்சாலை. 1942-இல் அமெரிக்க ராணுவம் எட்டே மாதத்தில் போட்ட சாலை. அது தொடங்கும் டாசன் கிரீக்கிலிருந்து வைட்ஹார்ஸ் சுமார் 1,400 கிலோமீட்டர். பாதி டேங்க் ஆனதும் பெட்ரோல் போட்டுவிடுங்கள், அடுத்த பங்க் திறந்திருக்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள். வழியில் லியார்ட் வெந்நீர் ஊற்றில் பிள்ளைகளைக் குளிக்க விடலாம். சாலையோரம் காட்டெருமைகள் நிற்கும்.

இங்குள்ள கார்களின் மூக்கில் ஒரு மின்கம்பி தொங்குவதைப் பார்த்து என் மகள், இது மின்சாரக் காரா என்று கேட்டாள். இல்லை, அது எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர். கடுங்குளிரில் காரை இரவில் செருகி வைக்காவிட்டால் காலையில் கிளம்பாது. பேட்டரிக்கும் ஒரு சூட்டுப் போர்வை போடுங்கள். குளிர்கால டயர், மண்வாரி, உறங்கும் பை, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி எல்லாம் அக்டோபரிலேயே டிக்கியில் இருக்க வேண்டும்.

படி 5: குழந்தைக்கு உடுத்தும் கலை

வடக்கு வாழ்க்கையின் முக்கால்வாசி இந்தப் படியில்தான் இருக்கிறது. மலையேற்றமும் பனிச்சறுக்கும் பிறகு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடம் உடுத்தி, கதவைத் திறக்கும் நேரம் பார்த்து அது மூத்திரம் வருகிறது என்று சொல்லும்போது சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி, அதன் மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத பனி உடுப்பு. பருத்தி கூடவே கூடாது. வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். நம் ஊர்ப் பாட்டிகள் அன்போடு அனுப்பும் பருத்தி பனியனை வீட்டுக்குள் போடுங்கள். விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்து கிடக்கும் மிட்டன் சூடு. அதில் மூன்று ஜோடியாவது வேண்டும், ஒன்று எப்போதும் தொலைந்திருக்கும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக, உள்ளுறையைக் கழற்றிக் காயவைக்கும்படி இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸில் எத்தனை காலுறை போட்டாலும் கால் விறைக்கும்.

கன்னத்திலோ மூக்கு நுனியிலோ மெழுகு போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது உறைகடியின் தொடக்கம். தேய்க்காதீர்கள். வெறும் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, உடனே வீட்டுக்குள் வாருங்கள். பனிச்சட்டையோடு கார் இருக்கையின் பட்டையைப் போடவும் கூடாது. மோதலில் சட்டை அமுங்கி, பட்டை தளர்ந்துவிடும். சட்டையைக் கழற்றிப் பட்டையை இறுக்கிவிட்டு மேலே போர்த்துங்கள்.

படி 6: இருட்டும் வெளிச்சமும்

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் காலை பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு ஐந்துக்குள் போய்விடும். அந்தப் பகலில் ஒரு மணி நேரமாவது எல்லாரும் வெளியே இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நம் தோல் நிறத்துக்கு வைட்டமின் டி குறைவு எளிதில் வரும், மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். கோடையில் பிரச்சினை தலைகீழ்: இரவு பதினொன்றுக்கு வெயில் அடிக்க, எந்தக் குழந்தை தூங்கும்? கனத்த இருள்திரை வாங்குங்கள்.

படி 7: காட்டுக்குள் முதல் அடிகள்

ஊரிலேயே தொடங்குங்கள். யூகான் நதிக்கரையைச் சுற்றும் மில்லேனியம் பாதை 5 கிலோமீட்டர், தள்ளுவண்டிக்கும் ஏற்றது. பிறகு மைல்ஸ் கேன்யன், குளிரில் மெக்கின்டயர் மலைச் சறுக்குப் பாதைகள். கோடையில் அரசு முகாம் மைதானங்களில் கட்டணத்திலேயே விறகும் அடக்கம். கனடாவின் மிக உயர்ந்த லோகன் சிகரம் (5,959 மீட்டர்) நிற்கும் குளூவானி பூங்காவுக்கு ஹெய்ன்ஸ் ஜங்ஷன் வழியாக இரண்டு மணி நேரப் பயணம்.

கரடி ஸ்ப்ரே பைக்குள் அல்ல, இடுப்பில். நடக்கும்போது பிள்ளைகள் பாடட்டும்; கரடிக்குத் தேவை முன்னறிவிப்பு மட்டுமே. குப்பையையும் உணவையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். ஏரித் தண்ணீர் ஜூலையிலும் உறையவைக்கும், படகில் மிதவைச் சட்டை இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. உறைந்த ஏரியில் 15 சென்டிமீட்டர் தெளிந்த நீலப் பனி இருந்தால்தான் நடை. ஓடும் நதியின் பனியை நம்பவே வேண்டாம்.

இந்தக் காடு யாரும் இல்லாத இடம் அல்ல. வைட்ஹார்ஸ் நிற்பது க்வான்லின் டுன், தா'ஆன் க்வாச்சான் பழங்குடிகளின் நிலத்தில். யூகானின் 14 பழங்குடிகளில் 11 தமக்கென ஆட்சி நடத்துகின்றன. காட்டுக்குள் ஆளில்லாத மரக்குடில் தெரிந்தால் அது யாரோ ஒருவருடைய வேட்டைக் குடில். உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.

படி 8: ஒரு சுற்று முடியும் வரை

புதிதாக வந்தவருக்கு இங்கே சீச்சாக்கோ என்று பெயர். இலையுதிர் காலத்தில் நதி உறைவதையும் வசந்தத்தில் அது உடைவதையும் பார்த்தவர் சவர்டோ, அதாவது புளித்த மாவு. தங்கம் தேடி வந்தவர்கள் ரொட்டி மாவின் புளிப்பு உறைந்துவிடாமல் உடம்போடு அணைத்து வைத்திருந்ததால் வந்த பெயர். எங்கள் வீட்டில் தோசை மாவு டிசம்பரில் மூன்று நாள் புளிக்கவில்லை. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்ததும் பொங்கியது.

மே மாதம் பனி உடுப்புகளை எடுத்துவைக்கும்போது ஒன்றும் அடுத்த ஆண்டுக்குச் சேராது என்று தெரிந்துவிடும். பழைய துணிக் கடைக்கு அப்போதே போங்கள். அக்டோபரில் ஊரே அங்கே நிற்கும்.