தட்டணுக்கள் இருந்தும் இரத்தம் ஏன் நிற்பதில்லை?

சிறுநீரக நோயுள்ள குழந்தைக்கு அடிக்கடி மூக்கிலிருந்து இரத்தம் வடிகிறது. பல் துலக்கினால் ஈறு கசிகிறது. ஆனால் பரிசோதனை அறிக்கையில் தட்டணுக்களின் எண்ணிக்கை இயல்பான அளவில், அதாவது ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 இலட்சத்திற்கு மேல் உள்ளது. "எண்ணிக்கை சரியாக இருக்கிறதே, பிறகு ஏன்?" என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு.

இது பிறவிக் குறைபாடு அன்று. சிறுநீரகம் செயலிழப்பதால் பின்னர் ஏற்படுவது. வெளியேற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தேங்கும்போது, தட்டணுக்கள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும் திறனை இழக்கின்றன. இரத்தசோகையும் இதனை மோசமாக்கும். ஏனெனில், போதிய சிவப்பணுக்கள் இருந்தால்தான் அவை தட்டணுக்களை இரத்தக்குழாயின் சுவரோரம் தள்ளும்.

ஆகவே, சிகிச்சையின் அடிப்படை கழிவுகளை அகற்றுவதும் இரத்தசோகையைச் சீராக்குவதுமே ஆகும். முறையான டயாலிசிஸ், எரித்ரோபொயட்டின் ஊசி, இரும்புச்சத்து ஆகியவை இதற்கு உதவுகின்றன. டயாலிசிஸ் குழாயில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் பயன்படுகிறது. குழந்தைக்கு இரத்தக்கசிவு இருந்தால் அதன் அளவைக் குறைப்போம் அல்லது தவிர்ப்போம். எனவே, கசிவு எதுவாயினும் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே செவிலியரிடம் கூறுங்கள்.

திசுப் பரிசோதனைக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ முன் டெஸ்மோபிரெசின் மருந்து தருவதுண்டு. அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் செயல்படத் தொடங்கி, 4 முதல் 8 மணி நேரம் வரை பயன் தரும். அடுத்தடுத்துக் கொடுத்தால் பயன் குறையும். இம்மருந்து உடலில் நீரைத் தேக்கி, சோடியத்தைக் குறைத்து, வலிப்பையும் உண்டாக்கக்கூடும். அன்று நாங்கள் குறிப்பிடும் அளவுக்கு மேல் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

இரத்தம் ஏற்றுவது குறித்தும் ஒரு முக்கியச் செய்தி. பெற்ற தாயும் தந்தையும் தம் இரத்தத்தையே கொடுக்க விரும்புவது இயல்பு. ஆனால் ஏற்றப்படும் இரத்தத்திற்கு எதிராகக் குழந்தையின் உடலில் எதிரணுக்கள் உருவாகலாம். பின்னாளில் அதே தாயோ தந்தையோ சிறுநீரகம் தர முன்வரும்போது, அது பொருந்தாமற் போக நேரிடும். இதனாலேயே இரத்தம் ஏற்றுவதை இயன்றவரை தவிர்க்கிறோம். உயிருக்கு ஆபத்து எனில் தயங்கமாட்டோம். வெள்ளணுக்களை வடிகட்டிய இரத்தத்தை ஏற்றுவோம்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை:

• ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலிமருந்துகளைத் தராதீர்கள். காய்ச்சலுக்கு எதைத் தரலாம், எவ்வளவு தரலாம் என்பதை எங்களிடம் கேளுங்கள்.

• பல் பிடுங்குவதற்கும் தசையில் ஊசி போடுவதற்கும் முன் குழந்தையின் நோயைப் பற்றி அங்குள்ள மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

• மென்மையான பல்துலக்கியைப் பயன்படுத்துங்கள்.

• மூக்கில் இரத்தம் வந்தால், குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்துத் தலையைச் சற்று முன்னே சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்யுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு வாருங்கள்.

• கருநிற மலம், இரத்த வாந்தி, தலையில் அடி, வாந்தியுடன் கடும் தலைவலி, வழக்கத்திற்கு மாறான மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

தட்டணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருப்பதை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ளாதீர்கள். கசிவைக் கண்டு நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். சிகிச்சை தவறாது நடந்தால் தட்டணுக்களின் திறன் பெருமளவு மேம்படும்.