பலித்தது எத்தனை? பலிக்காதது எத்தனை?

வீட்டில் ஒருவர் திடீரென்று இறந்து போகிறார். மனம் ஆறவில்லை. “செத்தவர் என்ன நினைத்தாரோ?” என்று தவிக்கிறோம். அப்போது யாரோ சொல்கிறார்கள்: “குறி கேட்டுப் பாருங்கள். ஆவியே வந்து பேசும்.”

தாராவியிலும் உண்டு. தாணேயிலும் உண்டு. ஊரிலும் உண்டு. குறி கேட்டு வந்தவர்கள், “அப்படியே சொன்னார்” என்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? ஒரு பேச்சைக் கேட்போம்.

குறி சொல்பவர்: அகாலமாப் போன ஒரு ஆம்பிளை ஆவி நிக்குது, தாயி.

அக்கா: ஆமா சாமி, எங்க அண்ணன்.

குறி சொல்பவர்: அண்ணன்தான் வந்திருக்கான். தண்ணி தெரியுது… நெஞ்சு தெரியுது…

அக்கா: நெஞ்சு வலிதான் சாமி!

வீட்டுக்கு வந்த அக்கா, “அண்ணன், நெஞ்சு வலி, எல்லாம் சொல்லிட்டாரு” என்கிறார். மறுபடி படித்துப் பாருங்கள். “அண்ணன்” என்று முதலில் சொன்னது யார்? “வலி” என்று சொன்னது யார்? அக்காதான். “தண்ணி” பொருந்தவில்லை. அதை அக்கா மறந்துவிட்டார்.

பலித்தது நினைவில் நிற்கும். பலிக்காதது மறந்து போகும். இது மனித மனத்தின் இயல்பு. குறி சொல்பவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் அல்லர். சிலர் தம் வாக்கைத் தாமே நம்புகிறார்கள். ஆனால் நம்புவது வேறு. சரியாக இருப்பது வேறு.

சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆபிரகாம் கோவூர் கேரளத்தில் பிறந்தவர். இலங்கையில் ஆசிரியராக இருந்தவர். 1963இல் அவர் ஒரு சவால் விட்டார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொன்னால் 1 லட்சம் ரூபாய் பரிசு. இப்படிப் பல சோதனைகள் வைத்தார். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் பரிசை வெல்லவில்லை.

2008இல் புனேயில் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர். டாக்டர் நரேந்திர தாபோல்கரும் உடன் இருந்தார். நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 ஜாதகம் கொடுத்தார்கள். எது யாருடையது என்று சொல்ல வேண்டும். 27 ஜோதிடர்கள் பதில் அனுப்பினார்கள். மிக அதிகமாகச் சரியாகச் சொன்னவருக்கே 24தான் சரி. சராசரி 20க்கும் குறைவு. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் 20 அளவில் சரியாக வரும்!

மன ஆறுதலோடு நின்றால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் “பேய் பிடித்திருக்கிறது” என்று சொல்லி, நோயாளியை அடித்தால்? மருந்தை நிறுத்தினால்? உயிரே போகும். மனநோய்க்கு மருத்துவம் உண்டு. தாணேயில் அரசு மனநல மருத்துவமனை 1901 முதல் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் 2013இல் ஒரு சட்டம் வந்தது. பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடிப்பது குற்றம். பாம்பு கடித்தவரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பதும் குற்றம். 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் தாபோல்கர். 2013 ஆகஸ்டு 20 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே சட்டம் வந்தது.

இப்போது நமக்கு எழுதத் தெரியும். நினைவு ஏமாற்றலாம். எழுதி வைத்தது மாறாது.

செய்து பாருங்கள்

1. நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: நாள், சொன்னது, நடந்தது.
2. குறி சொன்ன அன்றே, சொன்னது முழுவதையும் எழுதுங்கள். நீங்கள் சொன்னதைச் சேர்க்க வேண்டாம்.
3. ஆறு மாதம் கழித்து எண்ணுங்கள். பலித்தது எத்தனை? பலிக்காதது எத்தனை?

பேசுவோம்

அக்கா வாயே திறக்காமல் இருந்திருந்தால், குறி சொல்பவர் என்ன சொல்லியிருப்பார்?