சாவி வாங்கும் முன் ஒரு வாளித் தண்ணீர்

ஆவணியில் கிரகப்பிரவேசம். பால் பொங்கியது. ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவர் பொங்கியது. பட்டி உப்பி, பெயின்ட் கொப்பளித்து, கை வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. பில்டரின் சூப்பர்வைசர் வந்து தடவிப் பார்த்தார். "புதுக் கட்டடம் சார், காய்ஞ்சா சரியாயிடும்" என்றார். மூன்று வருடமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

அன்று பார்க்கத் தவறியதையெல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன். புது வீட்டின் சாவி இன்னும் கைக்கு வராதவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

1. நல்ல நேரம் பார்த்துப் போகாதீர்கள். வெளிச்சம் பார்த்துப் போங்கள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். கையில் ஒரு நாணயம், கோலிகுண்டு, டார்ச், டெஸ்டர், சாக்பீஸ், தூக்குக்குண்டு இருக்கட்டும். அந்த சைட்டில் வேலை பார்க்காத ஒரு கொத்தனாரை ஒருநாள் கூலி கொடுத்து அழைத்துப் போவது உத்தமம். கடைசித் தவணையைக் கட்டும் முன்பே இதையெல்லாம் முடித்துவிட வேண்டும். பணம் கைமாறிய பிறகு போன் எடுப்பவர் குரலே மாறிவிடுகிறது.

2. சுவரை நேராக நின்று பார்த்தால் எல்லாம் அழகுதான். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பூச்சு வேலையின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். மூலைகளில் தூக்குக்குண்டு விடுங்கள். சுவர் சாய்ந்திருந்தால் பின்னால் அலமாரி செய்யவரும் தச்சர்தான் முதலில் திட்டுவார்.

3. தரை டைல்ஸ் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று காலிப் பானை சத்தம் வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. டைல்ஸின் அடி முழுக்கக் கலவை பரப்பாமல், நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கிவிட்டுப் போனதன் பலன் அது.  அந்த டைல்ஸில் சாக்பீஸால் குறி போட்டு மாற்றச் சொல்லுங்கள். கேஸ் சிலிண்டரைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாலே அந்த டைல்ஸ் விரிசல் விடும்.

4. குளியலறைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதலில் வாட்டம். ஒரு வாளித் தண்ணீரை வாசற்படி ஓரமாகக் கொட்டுங்கள். அது தானாக, தரையின் வடிகால் வாயான நஹானி டிராப்பைத் தேடி ஓட வேண்டும். மூலையில் தேங்கினாலோ, படியைத் தாண்டி அறைக்கு வந்தாலோ வாட்டம் தப்பு. தண்ணீர் வராத வீடு என்றால் கோலிகுண்டை உருட்டிப் பாருங்கள்.

டைல்ஸ் போட்டாயிற்று, இனி கசியாது என்று பலர் நினைக்கிறார்கள். டைல்ஸ் இணைப்புகள் வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதைத் தடுப்பது அடியில் பூசும் வாட்டர்புரூஃபிங். அதை ஒழுங்காகச் செய்தார்களா என்று டைல்ஸ் ஒட்டிய பிறகு சொல்லக்கூடியவர் கீழ்வீட்டுக்காரர் ஒருவர்தான். அதனால், கட்டடம் நடந்துகொண்டிருக்கும்போதே, டைல்ஸ் ஒட்டும் முன் குழாய் வாய்களை அடைத்துத் தண்ணீர் தேக்கி, ஒருநாள் முழுக்க வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கட்டம் தாண்டியிருந்தால் இப்போது நஹானி டிராப்பைத் துணியால் அடைத்து, விரற்கடை உயரம் தண்ணீர் கட்டி, மறுநாள் கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். கீழ்வீட்டுக்காரரோடு நட்பும் அப்போதே தொடங்கிவிடும்.

5. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, ஷவரில் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். சிங்க்கின் அடியில் கைவிட்டு ஈரம் தட்டுகிறதா என்று தடவுங்கள்.

6. ஓதம் வரும் வழிகள் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கின்றன. ஜன்னல் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். சன்ஷேடின் அடிவிளிம்பில் ஒரு சிறு பள்ளக்கோடு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மழைநீர் சன்ஷேடின் அடிவழியாக ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். எங்கள் படுக்கையறைக் கதையே அந்த ஒரு கோடு இல்லாததுதான். மேல்மாடி வீடு என்றால் மொட்டைமாடிக்கு ஏறி, தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

7. விரிசல் என்றதும் பதற வேண்டாம். "எல்லா வீட்லயும் இருக்கும் சார்" என்ற பதிலையும் நம்ப வேண்டாம். மேற்பூச்சில் சிலந்திவலை போலத் தெரியும் மயிரிழைக் கோடுகள் பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வந்தவை, ஆபத்தில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வந்தால், பூசும் முன் அங்கே கம்பிவலை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள், சரிசெய்யக் கூடியதுதான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், செங்கல் வரிசையில் படிக்கட்டு போல இறங்கும் விரிசல், தூணிலோ உத்திரத்திலோ வரும் விரிசல் ஆகியவற்றைக் கட்டட எஞ்சினியர் பார்க்க வேண்டும். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அதைப் பட்டி பூசி மறைக்க விடாதீர்கள்.

தட்டிப் பார்த்தும் தண்ணீர் ஊற்றியும் அடித்தளத்தை அறிய முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்பு வரைபடம், பணிநிறைவுச் சான்று மூன்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் நீங்களும் பணம் தரத் தயங்குங்கள்.

8. மின்சாரத்தில் முதலில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள். உடனே விழ வேண்டும். வீட்டுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் வகை. எலக்ட்ரீஷியனை வைத்து ஓரிரு ஸ்விட்ச் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீஸருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது துளைக்கு எர்த் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். துளை மட்டும் இருக்கும், ஒயர் இருக்காது. இந்த ஏமாற்று வேலைக்கு மன்னிப்பே கிடையாது.

9. கதவு, ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து மூடுங்கள். பாதியில் விட்டால் கதவு தானாக நகரக்கூடாது.

10. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுபவர்களுக்கு: தளம் போடும் முன் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். தளத்தில் குறைந்தது 20, தூணில் 40 மில்லிமீட்டர் காங்கிரீட் கம்பியை மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில வருடங்களில் கம்பி துருப்பிடித்து ஊதி, கூரைக் காரை பெயர்ந்து தலையில் விழும். கலவை 'ஓடி வரணும்' என்று பைப்பைப் பிடித்துத் தண்ணீர் விடுவதைத் தடுங்கள். தண்ணீர் கூடினால் பலம் குறையும். போட்ட பிறகுதான் தண்ணீர் வேண்டும்: சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது அதிகம் விற்கும் பி.பி.சி. சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. பாத்தி கட்டித் தேக்குவதே நல்லது. காலையில் ஒரு தெளி, மாலையில் ஒரு தெளி என்பது கோலம் போடத்தான் ஆகும்.

11. கண்ட குறைகளை வாயால் சொல்லாதீர்கள். அறைவாரியாகப் பட்டியலிட்டு, படத்தோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். 2016ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். "ஒரு வருஷம்தான் வாரன்டி" என்பது அவர் சொல்லும் கணக்கு. சரிசெய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். தனி ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டியவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே பொதுவாக 2 வருடத்துக்குள் போக வேண்டும். இரண்டுக்கும் தேதிதான் உயிர் என்பதால் ஒப்படைப்புக் கடிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

எங்கள் சுவருக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது. போன வாரம் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன்.