பழைய பேட்டையை நடந்து காணும் முறை



ஊரைக் காண்பதும் ஒரு கல்வியேயாம். பெங்களூரின் பழைய பேட்டையை வழிகாட்டியுடன் கால்நடையாய்ச் சுற்றிக் காணும் வழக்கம் இந்நாளில் பரவியுள்ளது. மர்பி டவுனில் வாழும் நம் இளைஞரும் அதிற் கலந்துகொள்ள வேண்டும் என்பது நம் விருப்பம். ஆயினும் நடந்தால் மட்டும் போதாது. கேட்டதை ஆராய்ந்து கொள்ளுதலும் வேண்டும். அம்முறையையே இப்பாடத்தில் எடுத்துரைப்போம்.

வழிகாட்டுவோர் கூறுவன மூவகைப்படும். முதலாவது, கல், சுவர், கல்வெட்டு முதலிய கண்கூடான சான்று. இரண்டாவது, ஆண்டும் நாளும் குறித்து ஏட்டிற் பதிந்த செய்தி. மூன்றாவது, வழிவழியாக வந்த கதை. இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. பலர் சொல்வதாலோ, தொன்றுதொட்டு வருவதாலோ ஒன்றை மெய்யெனக் கொள்ளற்க என்று காலாமருக்குப் பகவன் அருளிய நெறி, தெருவில் நடக்கும்போதும் நமக்குத் துணையாகும்.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். போசள மன்னன் வீரவல்லாளன் வேட்டையில் வழி தவறி ஒரு மூதாட்டியின் குடிசையை அடைந்தான். அவள் கொடுத்த வெந்த பயற்றை உண்டு பசி தீர்ந்தான். அதனால் 'பெந்தகாளூர்' என்ற பெயர் ஏற்பட்டது என்பர். அவன் ஆண்டது பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில். ஆனால் பேகூர் நாகேசுவரர் கோயிலிலுள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டினதாகிய நடுகல்லில் பெங்களூர் என்ற பெயர் முன்பே காணப்படுகிறது. ஏழை மூதாட்டியின் ஈகையைப் போற்றுவோம். பெயருக்குக் காரணம் அதுவன்று என்பதையும் அறிவோம்.

இனி நடைக்கு வருவோம். ஹலசூரில் மெட்ரோ ரயிலேறி, மெஜஸ்டிக்கில் வண்டி மாறி, கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். அருகிலேயே கோட்டை உள்ளது. பழைய மண்கோட்டையை 1761இல் ஹைதர் அலி கற்கோட்டையாக்கினார். இன்று எஞ்சியிருப்பது தில்லி வாயிலும் சிறிது மதிலுமே. 1791 மார்ச் 7ஆம் நாள் காரன்வாலிசின் படை பேட்டையையும், 21ஆம் நாள் கோட்டையையும் பிடித்தது. மதில் உடைபட்ட இடத்தை ஒரு கற்பலகை காட்டும். 1780இல் தொடங்கப்பெற்ற மதராஸ் பயனியர் படையின் வழிவந்தோரே இன்று ஹலசூர் ஏரியருகில் தலைமையிடம் கொண்ட மதராஸ் சாப்பர்கள். அப்படையில் நம் முன்னோர் பலர் மண்வெட்டியும் ஏணியும் சுமந்தனர். அவர்களை நினைந்து அவ்விடத்தே சற்று நிற்பது தகும்.

அடுத்து, 1921இல் எழுப்பப்பெற்ற மார்க்கெட்டைக் காண்க. இப்பகுதியில் 1905இல் மின்விளக்குகள் எரிந்தன. அம்மின்சாரம் சிவசமுத்திரத்திலிருந்து வந்தது. 1902இலேயே அது கோலார் தங்கவயலை எட்டியிருந்தது. அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தோரில் பெரும்பாலோர் தமிழரே.

அப்பால் அவென்யூ ரோடு. இதன் பழம்பெயர் தொட்டபேட்டை. 1537இல் முதலாம் கெம்பேகௌடர் பேட்டையை நிறுவினார். அக்காலத்துக் கதையொன்றை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். கோட்டைவாயில் கட்டக் கட்ட இடிந்து விழுந்ததாம். கருவுற்ற பெண்ணின் பலி வேண்டுமென்றனராம். கௌடரின் மருமகள் லக்ஷ்மம்மா தன்னையே பலியாக்கிக்கொண்டாளாம். அவள் நினைவிடம் கோரமங்கலத்தில் உள்ளது. இதனைத் தியாகமெனப் புகழ்ந்து மேலே நடந்துவிடலாகாது. சுவர் நிற்பது அடித்தளத்தின் உறுதியால், குருதியாலன்று. கதை மெய்யாயினும் பொய்யாயினும், ஒரு பெண்ணின் உயிரைச் சுண்ணாம்பினும் மலிவாக எண்ணிய மனம் அக்காலத்தில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. நம் பெண்மக்கள் உடன் வரும்போது இதனை விளக்கிச் சொல்லுதல் நம் கடமை.

பேட்டைகளின் பெயர்களையும் படியுங்கள். அக்கிபேட்டை அரிசிக்கு, பளேபேட்டை வளையலுக்கு, கும்பாரபேட்டை குயவருக்கு, கானிகரபேட்டை எண்ணெய் ஆட்டுவோருக்கு, அரளேபேட்டை பஞ்சுக்கு. திகளரபேட்டை தோட்டத் தொழிலில் வல்ல திகளருக்கு. அவர்கள் நடத்தும் கரக ஊர்வலம் காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்வது கண்டு மகிழத்தக்கது. தொழிலே தெருவாகவும், தெருவே சாதியாகவும் நின்ற அமைப்பு இது. ஆயினும் அவ்வீதிகளைப் பெருக்கினோர், சாக்கடை எடுத்தோர், பிணம் சுமந்தோர் பெயரால் ஒரு பேட்டையையும் நாம் கண்டதில்லை. பஞ்சாலையில் பல்லாண்டு உழைத்த நமக்கு அரளேபேட்டையில் நிற்கும்போது இவ்வெண்ணம் மிகும்: பஞ்சின் பெயர் நிலைத்தது, நூற்றவர் பெயர் நிலைக்கவில்லை.

நம் மர்பி டவுனும் அவ்வாறே. முதலில் நாக்ஸ்பேட்டை, பின்னர்ப் பொறியாளர் மர்பியின் பெயர். இரண்டும் அந்நிய ஆட்சியின் அதிகாரிகளைக் குறிப்பன. 1809இல் தண்டுப் பகுதி அமைந்தது முதல் சிப்பாயாகவும் சமையற்காரராகவும் கூலியாளாகவும் இங்கு வந்தோரின் பெயர்களை எப்பலகையும் சொல்லாது. 1949இல் தண்டும் பேட்டையும் ஒரே மாநகராட்சியாயின. வரலாறு மட்டும் பேட்டைக்கு உண்டு, நமக்கில்லை என்று எண்ணுதல் பிழை. அது நம் முதியோரின் நினைவில் உள்ளது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். அநித்தியம் என்பதை நன்கறிந்த நாம், அறிந்தும் வாளாவிருத்தல் தகாது.

ஆகவே பேட்டையைக் கண்டு திரும்பியபின் மற்றொரு ஞாயிறு மர்பி டவுனின் தெருக்களில் நடங்கள். வீட்டுக்கு ஒரு முதியவரிடம் சென்று, எவ்வூரிலிருந்து வந்தீர்கள், எவ்வாண்டு வந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், உங்கள் தாயின் பெயர் யாது என நான்கு வினாக்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்தெழுதுக. தாயின் பெயரை மறவாது எழுதுக.

பயிற்சிக்குரிய வினாக்கள்:

1. பேகூர்க் கல்லால் எக்கதை மறுக்கப்படுகிறது?

2. லக்ஷ்மம்மா கதையைச் சிறுவருக்கு எவ்வாறு சொல்வீர்?

3. நீர் வாழும் தெருவை அமைத்தோருள் எத்தனை பேரின் பெயரை அறிவீர்?

மூன்றாம் வினாவிற்கு விடை எழுத முடியாதோர் நாளையே நோட்டு வாங்குவாராக.